தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும்: வாசகர் கேள்வி–பதில்

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்பு விழா பற்றி வந்த கடிதங்கள் பெரும்பாலும் பங்குகளில் வேலை செய்கிறவர்களிடமிருந்து வந்தவை: பீடம் அலங்கரிப்பவர்கள், பாடகர் குழுவினர், இயேசு பிறப்புக் குடில் கட்டும் இளைஞர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

திருவருகைக் காலம் ஓர் ஆண்டு நான்கு முழு வாரம் வருகிறது. மறு ஆண்டு மூன்று வாரத்தோடு முடிந்துவிடுகிறது. என்ன கணக்கு?
– வாசகர் குழு உறுப்பினர்

நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கு முன்னால் வராது, டிசம்பர் 3-ஐத் தாண்டியும் போகாது. எனவே இக்காலம் குறைந்தது 22 நாள், கூடினால் 28 நாள். 2026-இல் நவம்பர் 29 அன்று தொடங்குகிறது, 26 நாள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றுதான் திருவழிபாட்டு ஆண்டே மாறுகிறது. நவம்பர் 29 முதல், மூன்றாண்டு ஞாயிறு வாசகச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு, மாற்கு நற்செய்தியின் ஆண்டு. முந்தைய ஞாயிறு, கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு எடுத்த வாசக நூலை அப்படியே மேடையில் விட்டுவிட்டு, மறுவாரம் முதல் ஆண்டு வாசகத்தைப் படித்துவிடும் தவறு பல பங்குகளில் நடக்கிறது. சனிக்கிழமை மாலையே நூலை மாற்றி, அடையாள நாடாவை வைத்துவிடுங்கள்.

எங்கள் திருவருகை வளையத்தில் (ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகள் உள்ள தழை வளையம்) மெழுகுவர்த்தியின் நடுவில் குழி விழுந்து திரி மூழ்கிவிடுகிறது. பெரிய, விலை கூடிய மெழுகுவர்த்தி வாங்கியும் இதே கதைதான்.
– பீட அலங்காரக் குழு

பெரிதாக வாங்கியதுதான் காரணம். உருண்டையான கனத்த மெழுகுவர்த்தியில், விட்டத்தின் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரிந்தால்தான் உருகிய மெழுகு விளிம்பு வரை பரவும். 7.5 செ.மீ. கனமுள்ளதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். வார நாள் திருப்பலியோ அரை மணி நேரம். திரியைச் சுற்றி மட்டும் உருகி, அணைத்ததும் இறுகி, மறுநாள் அதே வட்டத்தில் மீண்டும் உருகுகிறது. நான்கைந்து நாளில் கிணறு வெட்டியது போல ஆகிவிடும்.

5 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் போதும். ஞாயிறு இரண்டு திருப்பலி, மற்ற நாள்களில் அரை மணி நேரம் என்று ஏற்றினால், 2026 கணக்கில் முதல் மெழுகுவர்த்தி எரிவது சுமார் 19 மணி நேரம். நான்காவது எரிவது 4 மணி நேரம். முதலாவது ஆறேழு செ.மீ. குறையும், நான்காவது ஒன்றரை செ.மீ.கூடக் குறையாது. இந்தப் படிக்கட்டு போன்ற தோற்றத்தைச் சரிசெய்யப் புது மெழுகுவர்த்தி மாற்றி வைக்கிறார்கள் சிலர். வேண்டாம். எத்தனை வாரம் காத்திருந்தோம் என்று பின் வரிசையில் இருப்பவருக்கும் சொல்வது அந்த ஏற்ற இறக்கம்தான்.

புது மெழுகுவர்த்தி நான்கையும் வளையத்தில் வைக்குமுன், திருப்பண்டக அறையில் ஆள் பக்கத்தில் இருக்க, இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். முதல் முறையே மெழுகு விளிம்பு வரை உருகிவிட்டால் பிறகு குழி விழுவது குறையும். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்பும் திரியை அரை செ.மீ. அளவுக்குக் கத்தரியுங்கள், நீண்ட திரி புகையும். ஒரே பக்கமாக ஒழுகினால் மின்விசிறிக் காற்றைப் பாருங்கள். வாயால் ஊதி அணைத்தால் மெழுகு துணியில் தெறிக்கும், கவிழ்த்து மூடும் அணைப்பானையே பயன்படுத்துங்கள்.

பசுந்தழை விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. முதல் ஞாயிறு வைத்த தழை மூன்றாம் வாரத்தில் சருகு. மெழுகுவர்த்திக்கு அடியில் உலோகக் கிண்ணம், தழைக்கும் சுடருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, இரண்டாம் வார முடிவில் தழை மாற்றம். இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம், நடுவில் ஒரு வெள்ளை. இப்படித்தான் இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இந்த வளையமே திருவழிபாட்டுச் சட்டத்திலிருந்து பிறந்தது அல்ல. 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், தம் பராமரிப்பில் இருந்த ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகள் வைத்தார்: ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை 4, வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு 20. அந்த ஆண்டு டிசம்பர் 1 ஞாயிறு என்பதால் கணக்கு 24-இல் முடிந்தது. கத்தோலிக்க ஆலயங்களுக்கு அது வந்தது 20-ஆம் நூற்றாண்டில். நான்கும் ஒரே நிறமாக இருந்தாலும் குறையில்லை. நடு மெழுகுவர்த்தி பின்னாளில் சேர்ந்தது. வைப்பதானால் கிறிஸ்து பிறப்பு இரவு வரை ஏற்றாதீர்கள்.

டிசம்பர் தொடங்கியதும் மக்கள் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைக் கேட்கிறார்கள். வானவர் கீதமும் ("உன்னதங்களிலே") இல்லாமல் ஞாயிறு திருப்பலி வெறுமையாக இருக்கிறதே?
– பாடகர் குழுத் தலைவி

அந்த வெறுமை வேண்டும் என்றுதான் திருச்சபை வைத்திருக்கிறது. திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, இக்காலத்தில் இசைக்கருவிகளும் (எண் 313) பீட மலர்களும் (எண் 305) மிதமாக இருக்கட்டும், ஆண்டவரின் பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிட வேண்டாம் என்று சொல்கிறது. தவக்காலம் போலத் துக்கம் அல்ல இது. அல்லேலூயா உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். விடுவது "உன்னதங்களிலே" மட்டும். டிசம்பர் 8, அமல உற்பவப் பெருவிழாவில் அதுவும் உண்டு.

பாடல் தேர்வுக்கு ஒரு வழி சொல்கிறோம். டிசம்பர் 16 வரை வாசகங்களில் மேலோங்கி நிற்பது ஆண்டவரின் இரண்டாம் வருகை. விழித்திருத்தல், மனமாற்றம், திருமுழுக்கு யோவானின் குரல். அந்தக் கருத்துள்ள பாடல்களை எடுங்கள். 17-ஆம் தேதியிலிருந்து பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. மரியாவையும் யோசேப்பையும் பற்றிய பாடல்கள் அப்போது பொருந்தும். இசைக்கருவி குரலைத் தாங்கும் அளவோடு நிற்கட்டும். தாளக் கருவிகளை மூடியே வையுங்கள். நான்கு வாரம் கேட்காத அந்த முழு ஓசை பிறப்பு விழா இரவில் வானவர் கீதத்தோடு எழும்போது, விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. டிசம்பர் முதல் வாரமே பாடித் தீர்த்த பங்கில் அந்த இரவு இன்னொரு ஞாயிறு போலத்தான் இருக்கும்.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. ரோஜா நிற உடை அணியலாம், இல்லையென்றால் ஊதாவே போதும்.

டிசம்பர் 17 முதல் மாலைப் புகழில் "ஓ" என்று தொடங்கும் முன்மொழிகளை மக்களோடு எப்படிப் பயன்படுத்துவது?

ஏழு மாலை, ஏழு அழைப்பு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயச் சுடரே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. 17 முதல் 23 வரை மரியாவின் பாடலுக்கு முன்பாக வருபவை. இலத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் "ஏரோ க்ராஸ்", அதாவது "நாளை இருப்பேன்" என்று வரும். மாலைத் திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பு விளக்குகளைக் குறைத்து, வளையத்தின் மெழுகுவர்த்திகளை ஏற்றி, அன்றைய ஒரே முன்மொழியைப் பாடி, மரியாவின் பாடலைச் சேர்ந்து பாடுங்கள். நாளுக்கு ஒன்றுதான். ஏழையும் ஒரே நாளில் பாடிவிட்டால் காத்திருப்பு போய்விடும்.

பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு வழிபாட்டில் கூட்டம் தாங்க முடியவில்லை. பொதுவாகப் பாவமன்னிப்பு கொடுத்துவிடக் கூடாதா?

கூடாது. பெருவிழாக் கூட்டத்தால் மட்டும் குருக்கள் போதவில்லை என்பது போதிய காரணம் ஆகாது என்று திருச்சபைச் சட்டம் 961 தெளிவாகச் சொல்கிறது. கணக்குப் போட்டுத் திட்டமிடுங்கள்: ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு குரு மணிக்கு 20 பேர். 200 பேர் இரண்டு மணி நேரத்தில் முடிய ஐந்து குருக்கள் வேண்டும். அக்கம்பக்கத்துப் பங்குகள் நாள்களைப் பிரித்துக்கொண்டால் ஐந்து குருக்களும் ஒவ்வோர் ஆலயத்துக்கும் வர முடியும். அக்டோபரிலேயே தேதி பேசிவிடுங்கள்.

குடில் கட்டுவதில் நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன? போன ஆண்டு மின்கம்பி சூடாகிப் புகை வந்தது.
– இளைஞர் குழு

முதலில் மின்சாரம். உருளையில் சுற்றிய நீட்டிப்புக் கம்பியை முழுக்க அவிழ்க்காமல் பயன்படுத்தினால் சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். ஒரு நீட்டிப்பில் இன்னொரு நீட்டிப்பைச் செருகாதீர்கள். பழைய இழை பல்புச் சரம் 100 விளக்குக்கு 40 வாட் வரை இழுக்கும், தொட்டால் சுடும். எல்இடி சரம் அதில் கால் பங்குகூட எடுக்காது. வைக்கோல், பாறைத் தாள், பனி போலப் பரப்பும் பஞ்சு மூன்றும் நொடியில் பற்றுபவை, பஞ்சு எல்லாவற்றிலும் மோசம். ஆலயம் பூட்டும்போது முதன்மை இணைப்பையே துண்டியுங்கள்.

இடம்: பீட முற்றத்தில் வேண்டாம். பலிபீடமும் வாசக மேடையும் குடிலுக்குப் பின்னணி ஆகிவிடக் கூடாது. மக்கள் நின்று செபிக்க வசதியான ஒரு பக்கத்தில், ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் தீவனத் தொட்டி இருக்கட்டும். பெரிய உருவங்கள் முன்னால், சிறியவை பின்னால் என்று வைத்தால் இரண்டு மீட்டர் ஆழமே பெரிய நிலப்பரப்பாகத் தெரியும். பலர் நட்சத்திரத்துக்கு எல்லா வெளிச்சத்தையும் கொடுத்துவிட்டுத் தொட்டியை இருட்டில் விட்டுவிடுகிறார்கள். மஞ்சள் ஒளியுள்ள ஒரு சிறு விளக்கைத் தொட்டியின் விளிம்புக்குக் கீழே மறைத்து வையுங்கள். மரியா, யோசேப்பு முகங்களில் கீழிருந்து ஒளி படும்.

1223-இல் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் உருவச்சிலைகளே இல்லை. வைக்கோல் நிரப்பிய தொட்டி, மாடு, கழுதை, தொட்டியின்மேல் திருப்பலி, அவ்வளவுதான். மாடும் கழுதையும் நற்செய்தியில் வருபவை அல்ல, எசாயா 1:3-லிருந்து வந்தவை. அருவியும் ஓடும் ரயிலும் வைக்க ஆசைப்படும் தம்பிகள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாலன் இயேசு உருவம் தொட்டியோடு ஒட்டியதாக இருந்தால் வாங்காதீர்கள். 24 இரவு வரை தொட்டி காலியாக இருக்க வேண்டும்.

பிறப்பு விழா இரவில் பாலனை வைப்பது எப்போது? ஒவ்வொரு குருவும் ஒவ்வொரு மாதிரி செய்கிறார்கள்.
– பீடச்சிறார் பொறுப்பாளர்

பல பங்குகளில் நன்றாக அமையும் வரிசை இது. திருப்பலிக்கு முன் விளக்குகளைக் குறைத்து, பாடகர் ஒருவர் பிறப்பு அறிவிப்பைப் பாடுகிறார். உரோமை மறைச்சாட்சியர் நூலில் உள்ள அறிவிப்பு அது: 194-ஆம் ஒலிம்பியாடு, உரோமை நகர் நிறுவப்பட்ட 752-ஆம் ஆண்டு, அகுஸ்து சீசரின் 42-ஆம் ஆண்டு என்று உலக வரலாற்றுக்குள் இயேசுவின் பிறப்பை நிறுத்துகிறது. திருப்பலியின் எந்தப் பகுதிக்கும் பதிலாக அதை வைக்க முடியாது. பிறகு வருகைப் பவனி. குரு பாலனைத் தாங்கி வந்து தொட்டியில் கிடத்தி, தூபமிட்டு, பீடத்துக்குச் செல்கிறார். வானவர் கீதத்தில்தான் எல்லா விளக்கும் மணியும். பாலன் உருவம் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை மாலை ஆறு மணிக்கே உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று: நம்பிக்கை அறிக்கையில் ஆண்டவர் உடலெடுத்து மனிதரானதைச் சொல்லும் வரியில் மற்ற நாள்களில் தலைவணங்குகிறோம், இவ்விழாவிலும் மங்கள வார்த்தைப் பெருவிழாவிலும் முழங்காலிட வேண்டும். அறிக்கை தொடங்குமுன் ஒரே வாக்கியத்தில் அறிவியுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் நிற்பார்கள், பாதிப் பேர் மண்டியிட்டிருப்பார்கள்.

இரவுத் திருப்பலியில் நற்கருணை வாங்கியவர் காலையில் மீண்டும் வாங்கலாமா?

தாராளமாக. ஒரே நாளாகக் கொண்டாலும், முழுத் திருப்பலியில் பங்கேற்றால் இரண்டாம் முறை வாங்கச் சட்டம் 917 இடம் தருகிறது. ஒரு மணி நேர நோன்பு மட்டும் காக்க வேண்டும். காலைத் திருப்பலி இரவின் மறுபதிப்பு அல்ல. இரவில் லூக்கா 2:1-14, விடியலில் இடையர்கள், பகலில் யோவானின் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது".

டிசம்பர் 24 ஞாயிறாக வந்தால் ஒரே திருப்பலி இரண்டுக்கும் ஆகுமா?

ஆகாது. அடுத்து 2028-இல் அப்படி வருகிறது. நான்காம் ஞாயிறுக்குச் சனி மாலை அல்லது ஞாயிறு. பிறப்பு விழாவுக்கு ஞாயிறு மாலை அல்லது திங்கள். இரண்டு கடமை, இரண்டு திருப்பலி. பீட அலங்காரம் மாற்ற அன்று மதியம் சில மணி நேரமே கிடைக்கும். ஆள்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குடிலை எப்போது கலைப்பது?

ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்த பிறகு. ஞானிகள் பாலனைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா ஞாயிறுக்கு மாற்றப்படும் இடங்களில் 2027-இல் அது ஜனவரி 3, திருமுழுக்கு விழா ஜனவரி 10. ஞானிகளை முதல் நாளே தொட்டிக்கு முன் நிறுத்தாமல், ஆலயத்தின் பின்பக்க மாடத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்த்தி, திருக்காட்சி நாளில் சேருங்கள். மறைக்கல்விக் குழந்தைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் 25-ஆம் தேதிக்குப் பிறகும் குடிலைப் பார்க்க ஆலயத்துக்கு வருவார்கள். கலைக்கும்போது பாலன் உருவத்தை முதலில் எடுத்துத் தனித் துணியில் சுற்றி, பெட்டிமேல் பெயர் எழுதி வையுங்கள். விளக்குச் சரங்களைச் சோதித்து, பழுதானவற்றை அப்போதே கழித்துவிடுங்கள்.