தாய்லாந்துத் தீவுகளுக்கு நால்வர்: யார் கார்டில் தேய்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 27. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு 12,000 அனுப்புகிறேன். அறை வாடகை, சாப்பாடு, பெட்ரோல் என்று 18,000 போகிறது. மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. கட்டுகிறேன், ஒரு வருட ஆர்.டி., வரும் ஜனவரியில் முடிகிறது. சேமிப்புக் கணக்கில் 1,20,000 இருக்கிறது. கல்லூரி நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் நவம்பர் கடைசியில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு 12 நாள் தாய்லாந்து போகத் திட்டம். புக்கெட், பீ பீ, கிராபி, சாமுய், பங்கன், தாவ் எல்லாம் பார்த்துவிட ஆசை. 1,50,000 ரூபாய் பர்சனல் லோன் 16% வட்டியில் 2 வருடத்துக்குத் தயாராக இருப்பதாக வங்கியிலிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. 3 லட்சம் லிமிட் உள்ள கிரெடிட் கார்டு என்னிடம் மட்டும் இருப்பதால், எல்லா புக்கிங்கையும் அதில் போட்டுவிட்டு வந்தபிறகு பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். லோன் எடுப்பதா, சேமிப்பை எடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணம் போங்கள். நால்வருக்கும் லீவு ஒன்றாகக் கிடைக்கும் காலம் ரொம்ப வருடம் நீடிக்காது. உங்கள் வருமானத்துக்கு இது எட்டாத செலவும் அல்ல. தேதியை நான்கு மாதம் தள்ளி வைத்தால் கடன் இல்லாமலே போகலாம்.

முதலில் லோன். 1,50,000 ரூபாய்க்கு 16% வட்டியில் 24 மாத இ.எம்.ஐ. சுமார் 7,344 ரூபாய். வட்டி மட்டும் 26,000-க்கு மேல். செயலாக்கக் கட்டணம் 2%, அதற்கு ஜி.எஸ்.டி. என்று இன்னும் 3,540. ஆக, 30,000 ரூபாயை வட்டிக்கும் கட்டணத்துக்கும் கொடுக்கிறீர்கள். தாவ் தீவில், கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்க ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஊர் திரும்பி ஒன்றே முக்கால் வருடம் ஆன பிறகும் அந்தக் கடற்கரைக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். சேமிப்புக் கணக்கில் இருக்கும் 1,20,000 உங்கள் நான்கு மாதச் செலவுக்கான பணம். வேலை போனால், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அதுதான் கை கொடுக்கும். அதைத் தொடாதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கிரெடிட் கார்டு யோசனைதான். உங்கள் நண்பர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். நான்கு பேர் செலவு 3 லட்சத்தைத் தொடும். பில் வரும் தேதியில் ஒருவருக்குச் சம்பளம் தாமதமாகிறது, இன்னொருவர் தங்கை காலேஜ் ஃபீஸ் கட்டிவிட்டார் என்று வையுங்கள். 60,000 ரூபாய் பாக்கி நின்றாலே, மாதம் 3.5% வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஏறக்குறைய 2,500 ரூபாய் உங்கள் தலையில் விழும். பில்லை முழுதாகக் கட்டாவிட்டால், அடுத்து நீங்கள் வாங்கும் மளிகைச் சாமானுக்குக்கூட வட்டியில்லாக் காலம் கிடையாது. சிபில் ஸ்கோரில் பதிவாவதும் உங்கள் பெயர் மட்டும்தான். பத்து வருட நண்பனிடம் "அந்தப் பதினைந்தாயிரம் என்னாச்சு?" என்று மூன்றாவது முறை கேட்பது எவ்வளவு கசப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விமான டிக்கெட்டை அவரவர் அவரவர் கணக்கிலிருந்தே போடட்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கு 4,000 பாட் (தாய்லாந்துப் பணம்) ஒரு பொதுப் பையில் போட்டு, அறை வாடகை, படகு, சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு எல்லாவற்றையும் அதிலிருந்து கொடுங்கள். தீர்ந்தால் திரும்ப நால்வரும் சமமாகப் போடுங்கள். பை யார் கையில் இருந்தாலும், பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால் கடன் என்ற பேச்சே எழாது.

இனி தேதி. தாய்லாந்தின் இரண்டு கரைகளுக்கும் மழைக்காலம் வேறு வேறு. அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட், கிராபி, பீ பீக்கு மே முதல் அக்டோபர் வரை மழை. தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் சாமுய், பங்கன், தாவுக்கு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை மழை, நவம்பர்தான் உச்சம். நீங்கள் குறித்த தேதியில் ஆறு இடங்களில் மூன்று நனைந்து கிடக்கும். கடல் கொந்தளித்தால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். தீவில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் கூடுதல் அறை வாடகையோடு போகாது. பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விமான டிக்கெட்டும் போய்விடும். மார்ச்சில் இரண்டு கரையும் வெயிலாக இருக்கும், கிறிஸ்துமஸ் புத்தாண்டு நேரத்து விலையும் இருக்காது.

மார்ச் என்று முடிவு செய்தால் பணமும் தானாகச் சேர்கிறது. ஜனவரியில் ஆர்.டி. முடிந்து 62,000 ரூபாய் போலக் கைக்கு வரும். கட்டத் தயாராக இருந்த இ.எம்.ஐ. தொகையை, 7,000 என்றே வைத்துக்கொள்வோம், செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை தனியாகப் போட்டு வாருங்கள். அது 42,000. மொத்தம் 1,04,000. நீங்கள் சொன்ன செலவெல்லாம் போக மாதம் 13,000 மிஞ்ச வேண்டும். அது எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதில் பாதிதான் இது.

இந்தப் பணம் போதுமா? பணம் மாற்றும் கமிஷனையும் சேர்த்து ஒரு பாட் 3 ரூபாய் என்று கணக்கு வையுங்கள். சென்னையிலிருந்து பாங்காக் போய்வர, முன்கூட்டிப் போட்டால் 20,000 ரூபாய் சுமாருக்கு டிக்கெட் கிடைக்கும். தங்க, ஆளுக்கு ஓர் இரவுக்கு 450 பாட் என்று பதினொரு இரவுக்கு 5,000 பாட். நால்வராகப் போவதால் விடுதியில் நான்கு படுக்கை எடுப்பதைவிட, மின்விசிறி வைத்த பங்களா ஒன்றோ குடும்ப அறையோ பல இடங்களில் மலிவாக அமையும், கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்குத் தினம் 400 பாட், இரவுச் சந்தையிலும் தெருக்கடையிலும் சாப்பிட்டால் தாராளம். ரயில், ஃபெர்ரி எல்லாம் சேர்த்து 3,500. கடல் சுற்றுலாவுக்கு 3,000, ஸ்கூட்டர், சோங்தேவ் என்னும் ஷேர் வண்டி, சில்லறைச் செலவு 2,500. பாட் செலவு 19,000-க்குள் அடங்கும், அதாவது 57,000 ரூபாய். டிக்கெட்டோடு 77,000. மீதி 27,000 எதிர்பாராத செலவுக்கு. டைவிங் படிக்க ஆசை இருந்தால் இதிலிருந்து எடுக்காமல் தனியாகச் சேருங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 12 நாளில் ஆறு இடம் வேண்டாம். ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். கரை மாற ஃபெர்ரி, வேன், திரும்பவும் படகு என்று ஒரு பகல் முழுதும் ரோட்டில் போகும், அதற்கும் காசு. நானாக இருந்தால் வளைகுடாப் பக்கம்தான் போவேன்: பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் படுத்துத் தூங்கி சும்போன், அங்கிருந்து படகில் தாவ், பிறகு பங்கன், கடைசியாக சாமுய். இரவு ரயிலால் ஓர் அறை வாடகை மிச்சம். பங்கனில் பௌர்ணமி இரவுக் கடற்கரைக் கொண்டாட்டம் (ஃபுல் மூன் பார்ட்டி) நடக்கும் நாளில் ஹாட் ரின் கடற்கரை அறைகள் விலை ஏறும். குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்றும் கேட்பார்கள். அந்தக் கூட்டம்தான் வேண்டும் என்றால் சரி, இல்லையென்றால் தேதியைப் பார்த்து ஒதுங்குங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? பாதி ரொக்கம், பாதி கார்டு. சிறு தீவுகளில் தெருக்கடையும் படகுக்காரரும் ரொக்கம்தான் கேட்பார்கள். இங்கே அனுமதி பெற்ற அன்னியச் செலாவணிக் கடையில் 100 டாலர் நோட்டாக வாங்கி, பாங்காக்கில் மாற்றுங்கள். சிறு நோட்டைவிடப் பெரிய நோட்டுக்கு நல்ல விலை தருவார்கள். நம் ஊர் சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் பல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% கூடுதலாகப் பிடிக்கும், ஜி.எஸ்.டி.யோடு 10,000 ரூபாய்க்கு 413 ரூபாய். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் உண்டு, கிளம்ப இரண்டு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்தால், பாட் பணமாகவே ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். டாலர் ஏற்றிய கார்டை பாட் செலவுக்குத் தேய்த்தால் இடையில் இன்னொரு கட்டணம் வரும்.

அங்கே ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வெளிநாட்டுக் கார்டுக்கு 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிப்பார்கள். 2,000 எடுத்தாலும் அதே, 20,000 எடுத்தாலும் அதே. எனவே எடுப்பதை மொத்தமாக எடுங்கள். கடைசியில் திரையில், இத்தனை ரூபாய் என்று இந்தியப் பணத்தில் ஒரு தொகையைக் காட்டி, இந்த விலைக்குச் சம்மதமா என்று கேட்கும். ரூபாயில் பார்த்ததும் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த விலை உங்களுக்கு நஷ்டம். வேண்டாம் என்று அழுத்துங்கள், பணம் வரத்தான் செய்யும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் பாட் கணக்கிலேயே பில் போடச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி.

வரி பற்றிப் பயம் வேண்டாம். அன்னியச் செலாவணி ஆண்டுக்கு 10 லட்சம் தாண்டாதவரை டி.சி.எஸ். (வாங்கும்போதே பிடிக்கும் வரி) இல்லை. ஏஜென்சியிடம் டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள்; ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் அரசு இணையதளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். அதற்குக் காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். விசா இல்லாமல் போகும் சலுகை மாறிக்கொண்டே இருக்கும் விஷயம். டிக்கெட் போடுமுன் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

இன்சூரன்ஸை மட்டும் பேரம் பேசாதீர்கள். ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் பயணக் காப்பீடு இல்லாமல் நால்வரில் ஒருவரும் விமானம் ஏறக் கூடாது. சாமுய், பங்கன் சாலைகளில் செங்குத்தான ஏற்ற இறக்கம் உண்டு. அங்கே சறுக்கி விழும் வெளியூர்ப் பையன்கள் அதிகம். பைக் ஓட்டும் உரிமமும் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். தனியார் ஆஸ்பத்திரி பில் லட்சங்களில் போகும். டைவிங்குக்கும் அந்தப் பாலிசி செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும்போது பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், ரொக்க டெபாசிட் வாங்கும் கடையைத் தேடுங்கள். வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவைத்தால், பழைய கீறலுக்கு யாரும் உங்களிடம் பணம் கேட்க முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. நண்பர்களிடம் மார்ச் என்றும், டிக்கெட் அவரவர் பொறுப்பு என்றும் சொல்லிவிடுங்கள். சம்பளம் விழும் மறுநாளே 7,000 ரூபாய் தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள்.