வர்ச்சுவல்-ஆன்: சாட்டர்னில் ஆடினால் ஆர்கேடில் ஆடியதுபோல் இருக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஜப்பானிய நிறுவனமான சேகாவின் ராட்சத ரோபோ சண்டை விளையாட்டு வர்ச்சுவல்-ஆன், அதே சேகாவின் வீட்டுக் கன்சோலான சாட்டர்னுக்கு வந்தபோது ஆர்கேட் (கூடத்தில் காசு போட்டு ஆடும் இயந்திரம்) அனுபவத்தைக் காப்பாற்றியதா? இன்றைக்கு அதை வாங்கி ஆடலாமா, இல்லை சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்டில் வந்த அடுத்த பாகமே போதுமா?

இரண்டு ஸ்டிக் கொண்ட ட்வின் ஸ்டிக் கன்ட்ரோலரோடு ஆடினால், காப்பாற்றியது. பெட்டியோடு வரும் சாதாரண கன்ட்ரோலரில் ஆடினால், இல்லை. படத்தின் தரம், பிரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம் திரையில் மாறுகிறது என்பது) எல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இது.

வேலைக்காக இரண்டு வருடம் ஜப்பானில் கவாசாகியில் இருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து அறைக்கு நடக்கும் வழியில் ஒரு பழைய விளையாட்டுக் கூடம். அதன் மாடியில் ஒரு மூலையில் இரண்டு இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் தனித் திரை, திரைக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்டிக். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ஆள்காட்டி விரலுக்கு ஒரு ட்ரிக்கர், கட்டைவிரலுக்கு மேலே ஒரு பட்டன். வேறு எதுவும் கிடையாது. 100 யென் போட்டு உட்கார்ந்தேன். ரோபோ சுவரில் முட்டிக்கொண்டே நின்றது, எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் தோற்றுவிட்டேன். ஆனால் கை அந்த ஸ்டிக்கை விட மறுத்தது.

அங்கே தினமும் வரும் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நான் திணறுவதைப் பார்த்துப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. அதனால் அவர் பேசவில்லை, கையால் காட்டினார். இரண்டு கைகளையும் வெளிப்பக்கமாக விரித்தார், உடனே உள்பக்கமாகச் சேர்த்தார். விரி, சேர். விரி, சேர். அவ்வளவுதான் முதல் பாடம்.

அந்தப் பாடத்தில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. இரண்டு ஸ்டிக்கையும் முன்னால் தள்ளினால் ரோபோ முன்னால் போகும், இரண்டையும் இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் நகரும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும். டிராக்டரோ புல்டோசரோ ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டையும் விரித்தால் குதிக்கும். குதித்த நொடியில் ரோபோவின் முகம் தானாக எதிரி இருக்கும் திசைக்குத் திரும்பிவிடும். உடனே ஸ்டிக்குகளை உள்ளே சேர்த்தால் குதிப்பு ரத்தாகி ரோபோ தரைக்கு வந்துவிடும். எதிரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை, கையை விரித்துச் சேர்க்கும் ஒரே அசைவில் முடிந்துவிடுகிறது. அதை ஆடுபவர் மனதால் செய்வதில்லை, தோளால் செய்கிறார்.

மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் ரோபோ வேகமாகப் பாயும். பாய்ந்துகொண்டே சுடலாம், ஆனால் சுட்டு முடித்ததும் சற்று நேரம் அசைய முடியாமல் நிற்கும். எதிரியை அவசரப்பட்டுப் பாய வைப்பது, அவன் உறையும் அந்தக் கண நேரத்தில் அடிப்பது, இதுதான் சண்டையின் சாரம். ரெய்டன் என்ற பருத்த ரோபோவின் தோளிலிருந்து வரும் லேசர் சரியான நேரத்தில் பட்டால் பாதி உயிர் போய்விடும். ஃபெய்-யென் பெண் வடிவம், மெலிந்தது, ஆனால் உயிர் பாதிக்குக் கீழே இறங்கினால் பொன்னிறமாக மாறி வேகமும் பலமும் கூடும். டெம்ஜின் எல்லாவற்றிலும் நடுவாந்தரம், கற்றுக்கொள்ள ஏற்றது. மொத்தம் எட்டு ரோபோக்கள், எட்டையும் வடிவமைத்தவர் ஹஜிமே கடோகி. ‘கண்டம்’ (Gundam) என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ரோபோக்களை வரைந்து பெயர் வாங்கியவர். அவர் வரைந்த ரோபோவைப் பார்த்தாலே அது எந்தக் கையால் சுடும், எந்தக் காலில் எடை தாங்கும் என்று புரியும். சண்டை விளையாட்டுக்கு அது பெரிய உதவி.

சரி, சாட்டர்னுக்கு வருவோம்.

ஆர்கேட் விளையாட்டு சேகாவின் ஏஎம்3 பிரிவில், ஜூரோ வாதாரியின் தலைமையில் உருவானது. அது ஓடியது மாடல் 2 என்ற மின்சுற்றுப் பலகையில். அந்தப் பலகையின் படத் தொழில்நுட்பம், விமான ஓட்டிகளுக்கான பயிற்சி சிமுலேட்டர்கள் செய்துகொண்டிருந்த அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்தது. நொடிக்கு 60 பிரேம் வழுக்கிக்கொண்டு ஓடும். சாட்டர்னுக்குள் இருந்ததோ 28.6 மெகாஹெர்ட்ஸ் சிப் இரண்டு. அதில் அதே வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1996 நவம்பரில் ஜப்பானில் வந்த சாட்டர்ன் பதிப்பு நொடிக்கு 30 பிரேம்தான். ரோபோக்களின் உடலில் விவரம் குறைந்திருக்கும், தூரத்துக் காட்சிகள் வெறுமையாக இருக்கும். ஆனால் களங்களின் அளவு, ஆயுதங்கள் மீண்டும் நிரம்ப எடுக்கும் நேரம், குண்டு வளைந்து துரத்தும் விதம் எல்லாம் என் கைக்கு ஆர்கேடில் பழகியதுபோலவே இருந்தன. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

நான் டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு பழைய பொருள் கடையில் சாட்டர்னும் இந்த வட்டும் வாங்கினேன். அறைக்குப் போய்ப் பெட்டியில் இருந்த கன்ட்ரோலரோடு ஆடினேன், மனசு விட்டுப்போனது. காரணம் படம் இல்லை. அந்தக் கன்ட்ரோலரில் ஒரே ஒரு திசைக் கட்டை. அதனால் திரும்ப, குதிக்க, பாய எல்லாவற்றையும் தனித்தனி பட்டன்களாகப் பிரித்துவிட்டார்கள். வேலை நடக்கும். ஆனால் ‘விரி, சேர்’ என்று அந்தப் பெரியவர் காட்டிய அசைவு காணாமல் போய்விட்டது. எந்தப் பட்டன் எதற்கு என்று மூளை யோசிக்கத் தொடங்கியதும், தோளில் இருந்த விளையாட்டு விரல் நுனிக்கு இறங்கிவிடுகிறது. கூடத்தில் மூன்று வாரம் கற்றது எதுவுமே வீட்டில் உதவவில்லை.

அடுத்த மாதச் சம்பளத்தில் சாட்டர்னுக்கான ட்வின் ஸ்டிக்கைத் தேடி வாங்கினேன். சேகாவே இந்த விளையாட்டுக்காகச் செய்து விற்ற கன்ட்ரோலர் அது. ஆர்கேட் ஸ்டிக் அளவுக்குக் கனமில்லை, மடியில் வைத்தால் ஆடும், மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அசைவு அதே அசைவு. இரண்டு ஸ்டிக்குமே அனலாக் (எவ்வளவு சாய்க்கிறோம் என்பதை அளக்கும் வகை) கிடையாது. சாய்த்தால் உள்ளே சுவிட்ச் ‘டிக்’ என்று விழும் வகை, எட்டுத் திசை மட்டும். முதல் ஆட்டத்திலேயே கை தானாக விரிந்து சேர்ந்தது. பிரேம் பாதியானது அப்போது கண்ணில் படவே இல்லை. 60 பிரேமும் பட்டன்களும் ஒரு பக்கம், 30 பிரேமும் ட்வின் ஸ்டிக்கும் மறுபக்கம் என்று வைத்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஒரே ஒரு விளையாட்டுக்காகத் தனிக் கன்ட்ரோலர் செய்து கடைக்கு அனுப்பினார்களே, அதற்காக அந்த சேகாவின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ட்வின் ஸ்டிக்கும் தீர்க்காத ஒரு குறை உண்டு. வீட்டில் இருவர் ஆடினால் திரை இரண்டாகப் பிரியும். பார்வை பாதியாவது ஒன்று, அதைவிட மோசம் ஒளிவுமறைவு போய்விடுவது. ஆர்கேடில் எதிரியின் திரையை நீங்கள் பார்க்க முடியாது. கட்டடத்துக்குப் பின்னால் பதுங்கினால் பதுங்கியதுதான். என் அறைத்தோழனோடு ஆடும்போது அவன் சிரித்துக்கொண்டே, “மச்சான், நீ எங்க நிக்கறன்னு உன் பக்கத்துலயே தெரியுதுடா” என்பான். நடுவில் அட்டை ஒட்டிக்கூடப் பார்த்தோம், சரிப்படவில்லை.

இதை சேகாவும் உணர்ந்திருந்தது. அமெரிக்காவில் நெட்லிங்க் மோடத்துக்காக 1997இல் தனிப் பதிப்பு வந்தது, ஜப்பானில் எக்ஸ்பேண்ட் மோடத்துக்கு வேறு ஒன்று. நெட்லிங்க் 28.8 கிலோபிட் மோடம், ஒரு சாட்டர்ன் இன்னொரு சாட்டர்னுக்கு நேரடியாகத் தொலைபேசி போடும். நடுவில் சர்வர் எதுவும் கிடையாது. அதனாலேயே மூட யாரிடமும் சாவி இல்லை. தொலைபேசி இணைப்பு இருந்தால் இன்றும் இரண்டு சாட்டர்ன்கள் பேசிக்கொள்ளும். எத்தனையோ புதிய ஆன்லைன் விளையாட்டுகள் சர்வரை அணைத்ததும் செத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ட்ரீம்காஸ்டில் வந்தது இரண்டாம் பாகம், ஆரட்டோரியோ டாங்கிராம். ஆர்கேடில் 1998, மாடல் 3 பலகை. ட்ரீம்காஸ்டில் 1999 டிசம்பர். இங்கே படம் குறைபடவில்லை. 60 பிரேம், 640க்கு 480 அளவு, விஜிஏ கேபிளில் போட்டால் பளிங்குபோல் இருக்கும். ஜப்பானில் இதற்கும் ட்வின் ஸ்டிக் வந்தது. இரண்டு ட்ரீம்காஸ்டை, இரண்டு டிவியோடு, கேபிளால் இணைத்து ஆடும் வசதியும் இருந்தது. பிரிந்த திரைக் குறை அதோடு தீர்ந்தது. அமெரிக்காவில் 2000இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட பதிப்பில் ஆன்லைன் கிடையாது, ட்வின் ஸ்டிக்கும் அங்கே விற்கப்படவில்லை. ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலோ ஒரே ஒரு அனலாக் ஸ்டிக். அதை மட்டும் வைத்து ஆடிய பலர் ‘அழகாக இருக்கிறது, ஆனால் புரியவில்லை’ என்று ஒதுக்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. விளையாட்டில் பாதி வராமல் போய்விட்டது அவர்களுக்கு.

இரண்டாம் பாகம் வேகமானது, ஆயுதங்கள் அதிகம், தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைத்தான் உயர்வாகச் சொல்வார்கள். எனக்கு முதல் பாகம்தான் நெருக்கம். அதில் ஒவ்வொரு பாய்ச்சலும் கனமாக இருக்கும், தவறுக்குத் தண்டனை உடனே வரும். ரோபோ ராட்சதம் என்பது அந்தக் கனத்தில்தான் தெரிகிறது.

பிற்பாடு வந்தவற்றில் 2009இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த ஆரட்டோரியோ டாங்கிராம் நல்ல பதிப்பு. கன்ட்ரோலர்கள் செய்யும் ஹோரி நிறுவனம் அதற்கு ட்வின் ஸ்டிக் செய்தது. பிளேஸ்டேஷன் 4 காலத்தில் நடந்ததுதான் மனதைத் தொடும் கதை. எடை பார்க்கும் இயந்திரம் செய்யும் டனிடா நிறுவனம், ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி ட்வின் ஸ்டிக் செய்ய முன்வந்தது. முதல் முயற்சி இலக்கை எட்டவில்லை. விடாமல் மறுபடியும் திரட்டி, இரண்டாம் முறை வென்று, செய்தும் கொடுத்தார்கள். விளையாட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் ஆட்டக்காரர்கள் பணம் போட்டது புதிய படத்துக்கு இல்லை, அந்த இரண்டு ஸ்டிக்குக்கு.

இப்போது வாங்குவதைப் பற்றி. சாட்டர்ன் வட்டு மலிவு, ட்வின் ஸ்டிக்தான் விலை. ஆகவே முதலில் ஸ்டிக்கைத் தேடுங்கள், அது கிடைத்த பிறகு மற்றதை வாங்குங்கள். ஜப்பானிய சாட்டர்ன் 100 வோல்ட்டில் ஓடுவது, நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு தீர்ந்தது. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வட்டும் ஜப்பானியதாகவே இருக்கட்டும், சாட்டர்ன் வேறு நாட்டு வட்டை ஏற்காது. பின்பக்கத்தில் ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும், அதை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சேமித்தது எல்லாம் அழிந்துபோகும். எனக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பிய ஸ்டிக்கில் இடது ட்ரிக்கர் செத்திருந்தது. வாங்கும் முன் எல்லா பட்டனையும் அழுத்திக் காட்டும் வீடியோ கேளுங்கள்.

வந்து சேர்ந்ததும் டெம்ஜினை எடுங்கள். முதல் அரை மணி நேரம் சுடவே வேண்டாம். எதிரி சுடட்டும், நீங்கள் விரித்துச் சேர்த்துக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு முறையும் அவன் திரையின் நடுவில் வந்து நிற்கிறானா என்று மட்டும் பாருங்கள். கண் தேடுவதற்கு முன்பே கை அவனை நடுவுக்குக் கொண்டுவரத் தொடங்கியதும் ட்ரிக்கரைத் தொடலாம்.