டி லா சோல் குழு எப்படி உருவானது, எப்படி மாறியது?

கொழிஞ்சாம்பாறையில் என் மாமா பையன் தமிழும் மலையாளமும் கலந்து ராப் எழுதுகிறான். துப்பாக்கி, பணம், கெத்து எதுவும் இல்லாமல் ராப் எடுபடுமா என்று அவன் கேட்டபோது இந்தக் குழுவைத்தான் போட்டுக் காட்டினேன்.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்று ஒரு ஊர், அங்கே பள்ளி நண்பர்கள் மூன்று பேர்: பாஸ்த்னூஸ், ட்ரூகாய், மேசியோ. ட்ரூகாயின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் யோகர்ட், அதாவது தயிர்! பிரின்ஸ் பால் தயாரிப்பில் 1989-ல் வந்த முதல் ஆல்பத்தில் பழைய பாட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள், நடுநடுவே குட்டி நாடகம், அட்டையில் பளிச்சென்று பூக்கள். உடனே ஹிப்பி, அதாவது அன்பு, அமைதி, பூ என்று திரிந்த அறுபதுகளின் கூட்டம், என்று முத்திரை குத்திவிட்டார்கள், அது இவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. 1991-ல் வந்த அடுத்த ஆல்பத்தின் பெயரே ‘டி லா சோல் செத்துவிட்டது’ என்ற பொருளில் இருக்கும். அட்டையில் கவிழ்ந்து உடைந்த பூந்தொட்டி. இவ்வளவு துணிச்சலாகத் தன் அடையாளத்தைத் தானே உடைத்த குழு எனக்குத் தெரிந்து வேறில்லை.

1996-ல் பிரின்ஸ் பால் இல்லாமல் தாங்களே தயாரித்தார்கள், குரலில் கோபம் ஏறியது. அப்புறம் 2005-ல் கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவுடன் பாடிய பாட்டு உலகமெங்கும் ஓடியது.

ஆனால் அந்தப் பழைய துண்டுகள்தான் காலைப் பிடித்து இழுத்தன. தங்கள் பாட்டிலிருந்து துண்டு எடுத்துவிட்டார்கள் என்று டர்டில்ஸ் என்ற பழைய ராக் குழு வழக்கே போட்டது. துண்டுகளுக்காகப் போட்ட பழைய ஒப்பந்தங்கள் இணையத்துக்குப் பொருந்தாததால் முதல் ஆல்பங்கள் 2023 மார்ச் 3 அன்றுதான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. ட்ரூகாய் அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று இறந்துவிட்டார்.

சரி, புதிதாகக் கேட்பவர்கள் 1989, 1991 என்று வரிசையாகவே கேளுங்கள், அப்போதுதான் அந்தத் தொட்டி ஏன் உடைந்தது என்று புரியும்.