இரண்டு வரி மாற்றம்

வணக்கம் ஐயா,

சி மொழியில் எழுதிய ஒரு சிறிய லைப்ரரியை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பராமரிக்க உதவுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் பிழைச்செய்தியைக் கொஞ்சம் விளக்கமாக்கி இரண்டு வரி மாற்றம் அனுப்பியிருக்கிறார். சம்பளமில்லாமல் உழைத்துத் தருபவரிடம் இதற்கெல்லாம் கேள்வி கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகாதா? அப்படியே மெர்ஜ் செய்து, அதாவது எங்கள் நிரலோடு சேர்த்துவிடலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மெர்ஜ் செய்யாதீர்கள், முதலில் படியுங்கள்.

2021 நவம்பரில் லிப்ஆர்கைவுக்கும் இப்படித்தான் ஒன்று வந்தது. டார், ஜிப் கோப்புகளைப் பிரிக்கும் சி லைப்ரரி அது. எச்சரிக்கையில் பிழையின் காரணத்தையும் சேர்ப்பதாகச் சொன்னது தலைப்பு. சேர்த்ததும் உண்மை. ஆனால் போகிற போக்கில் சேஃப்_எஃப்பிரின்ட்எஃப் என்ற அச்சிடும் ஃபங்ஷன் இருந்த இடத்தில் வெறும் எஃப்பிரின்ட்எஃப் வந்து உட்கார்ந்தது. முன்னது அச்சிட முடியாத எழுத்துகளை மாற்றி எழுதும், பின்னது உள்ளபடியே டெர்மினலுக்கு (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரைக்கு) அனுப்பிவிடும். பிழைச்செய்திக்குள் யாரோ தந்த ஆர்கைவின் எழுத்துகளும் இருக்கலாம். அவற்றில் டெர்மினல் கட்டளைகள் ஒளிந்திருந்தால் திரையில் தெரிவதை நம்ப முடியாது. மாற்றம் சேர்ந்துவிட்டது. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவு (ரகசிய நுழைவழி) வெளியே வந்து, அதை வைத்த அதே கணக்குதான் இதையும் அனுப்பியது என்று தெரிந்த பிறகே திரும்ப எடுத்தார்கள்.

அந்த மாற்றத்தை மட்டும் பார்த்து, அனுப்பியவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. சொல்லவும் தேவையில்லை. “இந்த ஃபங்ஷனை ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டிருந்தால் போதும். கவனக்குறைவாகச் செய்தவராக இருந்தால் திருத்தித் தந்திருப்பார். நீங்கள் கேள்வி கேட்பது நிரலைப் பற்றி, ஆளைப் பற்றியல்ல.

சரி, உங்கள் இரண்டு வரிக்கு வருவோம். சேர்த்ததைவிட நீக்கியதை முதலில் படியுங்கள். டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசப் பட்டியல், வழக்கமாக மாற்றத்துக்கு மேலும் கீழும் மூன்று வரிதான் காட்டும், அதனால் முழு ஃபங்ஷனையும் திறந்து, அச்சாகும் சரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளியார் தரும் சரம் நேராக ஃபார்மட்டாக (எதை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் சரமாக) போகவே கூடாது. எர்னோவை (கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் மாறியை) பயன்படுத்தியிருந்தால், தோல்வியடைந்த ஃபங்ஷன் அழைப்புக்கும் அதை அச்சிடும் இடத்துக்கும் நடுவே வேறு அழைப்பு இருக்கிறதா? இருந்தால் மதிப்பு மாறியிருக்கலாம், உங்கள் பயனர் தவறான காரணத்தைப் படிப்பார். அப்புறம் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து, அந்தப் பிழையை வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள்.

நன்றி சொல்லிவிட்டு, கேள்வியை அந்த வரியிலேயே எழுதுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.