அதிபர் அருங்காட்சியகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சிகாகோவுக்குப் பக்கத்தில் நேபர்வில்லில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. இந்தக் கோடை விடுமுறையில் காரிலேயே போய் லிங்கன், ட்ரூமன், ஐசனோவர் மூவரின் அருங்காட்சியகங்களையும் பார்த்துவர ஆசை. என் கணவருக்கு இதில் ஈடுபாடில்லை. "அவனவன் தனக்குக் கட்டிக்கொண்ட மணிமண்டபம். அதைப் பார்க்க இவ்வளவு தூரம் ஓட்டணுமா? யெல்லோஸ்டோன் போகலாம்" என்கிறார். இவற்றில் சிலவற்றைப் பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டுமா? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. 1941-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. வேண்டியவர்கள் பணம் திரட்டிக் கட்டித் தருவார்கள், அரசின் தேசிய ஆவணக் காப்பகம் எடுத்து நடத்தும். கட்டிக்கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? நிக்சனின் அருங்காட்சியகம் 1990-இல் தனியார் கையில் தொடங்கியபோது அவர் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் அங்கே நிக்சன் தரப்புக் கதையாகத்தான் இருந்தது. 2007-இல் அரசு ஏற்றுக்கொண்ட பிறகும், அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டுப் புதிதாக வைக்க 2011 ஆகிவிட்டது.

ஆனால் நம் ஊர் மணிமண்டபங்களில் சிலை இருக்கும், கோப்பு இருக்காது. இங்கே பின்கட்டு முழுக்கக் கோப்புகள். முன்கட்டில் புகழ் பாடிக்கொண்டிருக்கும்போதே பின்கட்டிலிருந்து எதிர்சாட்சி எட்டிப் பார்த்துவிடும். அதைத் தேடிப் பிடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் மகனின் வயதில் பெரியவர்களின் குட்டு வெளிப்படுவதைவிட சுவாரசியமான விஷயம் ஏது?

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் மிசௌரியில் இண்டிபென்டன்ஸ் போங்கள். ட்ரூமனின் மேசையிலிருந்த 'பொறுப்பு இத்தோடு நிற்கிறது' என்கிற பலகை அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் நெடுநேரம் நின்றது வேறோர் இடத்தில். கொரியப் போரில் மகனை இழந்த ஒரு தகப்பன், மகனுக்குக் கிடைத்த, போரில் காயப்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை ட்ரூமனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். என் மகன் சாவுக்கு நீர்தான் நேரடிப் பொறுப்பு, இதை உமது பரிசுப் பொருள்களோடு வைத்துக்கொள்ளும் என்று கூடவே ஒரு கடிதம். என் மகனுக்கு நேர்ந்தது உம் மகளுக்கு நேரவில்லையே என்பதுதான் வருத்தம் என்று அதில் ஒரு வரி. ட்ரூமன் அதைக் கிழித்துப் போடவில்லை. 1972-இல் அவர் இறந்தபிறகு அவருடைய மேசை இழுப்பறையில் கடிதமும் பதக்கமும் சேர்ந்தே இருந்தன. அவர் ஏன் வைத்திருந்தார் என்று மகனையே கேளுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

அதே ஊரில் அவர் வீடும் இருக்கிறது. கூடத்தில் அவருடைய தொப்பியும் கோட்டும் இன்னும் தொங்குகின்றன. பதவி போனபின் 1953 கோடையில் இவரும் மனைவி பெஸ்ஸும் சொந்தக் காரில் நியூயார்க் வரை போய்வந்திருக்கிறார்கள். முன்னாள் அதிபருக்கு அப்போது பாதுகாப்புக் காவல் கிடையாது. பென்சில்வேனியாவில் வேகத் தடத்தை மறித்துக்கொண்டு மெதுவாகப் போகிறார் என்று ஒரு போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாராம். வண்டி ஓட்டப்போகும் உங்கள் கணவருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

அங்கிருந்து ஐசனோவரின் அருங்காட்சியகம் இருக்கும் கான்சாஸின் அபிலீனுக்கு 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இருபுறமும் வயல், வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். விழித்திருந்தால் அந்தச் சாலையின் கதையையே சொல்லலாம். 1919-இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ராணுவ வண்டி வரிசையில் இளம் அதிகாரியாக ஐசனோவரும் இருந்தார். போய்ச்சேர 62 நாள். அவரே அதிபரானபிறகு 1956-இல் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்ததுதான் இந்த நெடுஞ்சாலை வலை. அபிலீன் காப்பகத்தில் பென்சிலால் எழுதிய ஒரு துண்டுத்தாள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அவர் தலைமையில் நடந்த நார்மண்டித் தரையிறக்கம் தோற்றுவிட்டால் வெளியிட முன்கூட்டியே எழுதிவைத்த அறிக்கை. படைகள் தம்மால் முடிந்ததையெல்லாம் செய்தன, தவறு ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்கிறார். பதற்றத்தில் ஜூன் 5-க்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டிருக்கிறார்.

லிங்கன் உங்களுக்கு உள்ளூர் மாதிரி, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மூன்று மணி நேரம். அது மாநில அரசின் அருங்காட்சியகம், 2005-இல் திறந்தது. உருவபொம்மைகள் கொஞ்சம் அதிகம், எனக்கு ஒட்டவில்லை. ஆனால் லிங்கனையும் அவர் மனைவியையும் அன்றைய பத்திரிகைகள் எப்படியெல்லாம் கேலிச்சித்திரம் போட்டுக் கிழித்தன என்று காட்டும் ஒரு கூடம் இருக்கிறது, அதை விடாதீர்கள். ஓக் ரிட்ஜ் கல்லறையில் வெண்கல லிங்கனின் மூக்கைத் தடவப் பெரிய கூட்டமே நிற்கும். மகளை அங்கே விட்டுவிடுங்கள், அலுக்காது.

விடவேண்டியது எது என்றால், வெள்ளை மாளிகையில் அதிபரின் அலுவலறையான ஓவல் ஆபீஸின் மாதிரிகள். பல இடங்களில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று பார்த்தால் போதும்.

இன்னொரு வருடம் டெக்சாஸ் போங்கள். அமெரிக்காவில் நம்மவர்கள் வந்த பாதை அங்கே இருக்கிறது. ட்ரூமன் 1946-இல் கையெழுத்திட்ட சட்டம் இந்தியர்கள் குடியேற ஆண்டுக்கு 100 இடம் கொடுத்தது. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது கதவை உண்மையாகவே திறந்தது. எச்1பி விசா மூத்த புஷ்ஷின் 1990 சட்டத்தில் வந்தது. புஷ்ஷின் அருங்காட்சியகம் காலேஜ் ஸ்டேஷன் என்கிற ஊரில், ஜான்சனுடையது ஆஸ்டினில். ஜான்சன் தன் தொலைபேசி உரையாடல்களை ரகசியமாகப் பதிவுசெய்து, தான் இறந்து 50 ஆண்டுகள் பூட்டிவைக்கச் சொன்னார். அவர் நூலகத்தின் இயக்குநர் ஹாரி மிடில்டனோ 1990-களிலேயே திறக்க ஆரம்பித்துவிட்டார். குடிமை உரிமைச் சட்டத்துக்காக ஜான்சன் கெஞ்சுவதும் மிரட்டுவதும் அவற்றில் இருக்கின்றன. 1964-இல் ஒரு தையல் நிறுவனக்காரரை அழைத்து, கால்சட்டை எங்கே இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் விளக்குவதும் இருக்கிறது. அதை முதலில் நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு, பிறகு மகனுக்குப் போட்டுக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யுங்கள்.