வீடு கட்டுவது, பாடம் எடுப்பது, பழைய கட்டடங்களைக் காப்பது: மூன்றையும் ஒரே ஆர்க்கிடெக்ட் செய்ய முடியுமா?

முடியும். புதுச்சேரியில் பதினெட்டு வருடமாக அப்படித்தான் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி. மற்ற நாட்களில் புது வீடுகளும் பழைய கட்டடங்களும்.

தொழிலுக்கு வந்த புதிதில் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டைச் சீர்செய்யும் வேலை கிடைத்தது. முற்றத்துச் சுவரில் காரை உதிர்ந்திருந்தது. கல்லூரியில் ஐந்து வருடமும் சிமெண்டும் கான்கிரீட்டும்தான் படித்திருந்தேன், அதனால் சிமெண்டையே பூசச் சொன்னேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். தட்டினால் பூச்சு கொட்டியது, உள்ளே செங்கல் பொரிந்து கிடந்தது. தரையிலிருந்து ஏறும் ஓதம் அதுவரை சுண்ணாம்புப் பூச்சு வழியே உலர்ந்துகொண்டிருந்தது. நான் அதை அடைத்துவிட்டேன். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கலை அரித்துவிட்டன. என் செலவிலேயே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துத் திரும்பச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தேன். சுண்ணாம்பை நீற்றுவது, மணலோடு அரைப்பது, கடுக்காய் ஊறிய தண்ணீர் சேர்ப்பது எல்லாம் அந்த வேலைக்கு வந்த மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. இன்று என் வகுப்பில் முதல் பாடம் அந்தச் சுவர்தான்.

படிப்பைப் பொறுத்தவரை, ஆர்க்கிடெக்சர் இளநிலைப் பட்டமான பி.ஆர்க். ஐந்து வருடம், அப்புறம் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு. பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்பில் எம்.ஆர்க். என்ற முதுநிலைப் பட்டமும் செய்துவிடுங்கள், பாடம் எடுக்கவும் அது உதவும். பழைய கட்டட வேலையில் பணம் மெதுவாகத்தான் வரும். கல்லூரிச் சம்பளம் இல்லையென்றால் பல வேலைகளை நான் விட்டிருப்பேன். பெரிய அடுக்குமாடி வேலைகளுக்கு நேரம் கிடைக்காது, அதற்குத் தயாராக இருங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் 1870-71-ல் கட்டிய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. (2021-ல் பழைய தோற்றத்திலேயே கட்டித் திறந்தார்கள்.) அந்த இடிபாட்டைப் பார்க்க மாணவர்களை அழைத்துப் போனபோது ஒரு பெண் கேட்டாள்: "சார், நாம அளவெடுத்த வீடுங்க விழுந்தா யார்கிட்ட வரைபடம் இருக்கும்?" எல்லாம் கல்லூரி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து திண்ணை, தாழ்வாரம், மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மேல்தளம்) என்று மாணவர்கள் அளந்து வரையும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி வீட்டுக்காரருக்கே போகிறது.

போன மாதம் ஒரு பெரியவர் அப்படிப்பட்ட பிரதியோடு அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளைகள் வீட்டை இடிக்கச் சொல்கிறார்களாம், மேல்தளத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டார். உளுத்துப்போனது நான்கு தேக்கு உத்திரங்கள் மட்டும்தான். வேலை நடந்துகொண்டிருக்கிறது.