தோல் லிம்போமாவும் (தோலில் வரும் வெள்ளணுப் புற்றுநோய்) ஒளி சிகிச்சையும்: கேள்வி-பதில்

கே: ஒளி சிகிச்சை என்றால் ரேடியேஷன்தானே? முடி கொட்டுமா?

ப: இது புற ஊதாக் கதிர். ரேடியேஷன் வேறு. முடி கொட்டாது.

கே: அப்பாவுக்கு மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸ் என்ற தோல் லிம்போமா. நேரோபேண்ட் யுவிபி (குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளி) போதுமா, புவா (தோலை ஒளிக்குக் கூசவைக்கும் சோராலென் மருந்தோடு தரும் யுவிஏ ஒளி) வேண்டுமா?

ப: எந்த நிலை, திட்டு மெல்லியதா தடிப்பா, எதையுமே எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்க முடியும்? பொதுவாக மெல்லிய திட்டுக்கு 311 நானோமீட்டர் நேரோபேண்ட் போதும். தடிப்பு என்றால் புவா. அது ஆழமாகப் போகும். சோராலென் மாத்திரை விழுங்கிய நாள் முழுக்க யுவி தடுக்கும் கண்ணாடி போடவேண்டும், வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும்.

கே: வாரம் மூன்று முறை வர முடியவில்லை. மொட்டைமாடி வெயிலில் நின்றால் ஆகாதா?

ப: ஆகாது. வெயிலை யார் அளந்து கொடுப்பது? சோராலென் உள்ள கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு நிற்கவே நிற்காதீர்கள், கொப்பளித்துவிடும்.

கே: மகனுக்கு 14 வயது. தேமல் என்று நினைத்துக் கடையில் வாங்கிய களிம்பை ஒரு வருடம் போட்டோம். அப்புறம் ஒளி சிகிச்சை. குறைந்து குறைந்து திரும்ப வருகிறது. இப்போது பயாப்ஸி (தோலில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதிப்பது) என்கிறார்கள். தழும்பு விழுமே, தேவையா?

ப: தேவை. முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். மாநிறத் தோலில், அதுவும் சிறுவர்களுக்கு, இந்த லிம்போமா பல நேரம் வெள்ளைத் திட்டாகத்தான் வரும். பார்த்தால் தேமல் மாதிரியும் இருக்கும், தொழுநோய் மாதிரியும் இருக்கும். மருந்துக்கடைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசாலும் கலந்திருக்கிறது. அந்த ஸ்டீராய்டு திட்டை மங்க வைக்கும், விட்டதும் திட்டு திரும்பும். ஒளியும் மங்க வைக்கும். இப்படிப் பாதி ஆறிய தோலை வெட்டி அனுப்பினால், மேல்தோலுக்குள் ஏறியிருக்கும் டி செல்கள் (லிம்போமாவாக மாறிய வெள்ளணுக்கள்) சரியாகத் தெரியாமல் வெறும் 'எக்ஸிமா' (தோல் அழற்சி) என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். எத்தனை முறை எழுதியாயிற்று: பயாப்ஸி முதலில், ஒளி அப்புறம். டாக்டரிடம் சொல்லிக் களிம்பு, ஒளி இரண்டையும் சில வாரம் நிறுத்திவிட்டு எடுங்கள். தெளிவில்லை என்றால் இன்னொரு இடத்தில் எடுக்கச் சொல்வார்கள், முகம் சுளிக்காதீர்கள். தழும்பு சில மில்லிமீட்டர்தான். லிம்போமாவே என்று வந்தாலும், இந்த வெள்ளை வகை நேரோபேண்டுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

கே: கர்ப்பமாக இருக்கிறேன். தொடரலாமா?

ப: நேரோபேண்ட் தொடரலாம், ஃபோலிக் ஆசிட் விடாதீர்கள். புவா கூடாது.

கே: 30 முறை போயாயிற்று. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மட்டும் அப்படியே இருக்கிறது. மெஷின் கோளாறா?

ப: மெஷினைக் குறை சொல்லாதீர்கள். மடிப்புக்குள் ஒளி போகாது. கையைத் தூக்கி, காலை அகட்டி நின்றீர்களா என்று பாருங்கள். அப்படியும் போகாத இடத்துக்குக் களிம்பு உண்டு. டாக்டர் எழுதிக் கொடுப்பது, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அல்ல.